இன்ஜின் நின்ற பின் மிஞ்சும் நான்கு நிமிடங்கள்: ஒரு பயிற்சி வகுப்பின் மதிப்புரை

ஒற்றை இன்ஜின் விமானத்தை ஓட்டுவதற்கான உரிமத் தேர்வில், இன்ஜின் நின்றுவிட்டதாகப் பாவித்து ஒரு வயலை நோக்கி இறங்கிக் காட்டுவது பெரும்பாலான நாடுகளில் கட்டாயம். தேர்வுக்கு முந்தைய வாரங்களில் ஒவ்வொரு மாணவரும் அதைத் திரும்பத் திரும்பச் செய்கிறார். உரிமம் கைக்கு வந்த பிறகோ, எப்போதாவது வரும் மறு ஆய்வுப் பறப்பின்போது பயிற்றுநர் ஒருமுறை த்ராட்டிலை (இன்ஜினின் சக்தியைக் கட்டுப்படுத்தும் கைப்பிடியை) இழுத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. இந்த இடைவெளியை நிரப்புவதற்கென்றே ஒரு பறக்கும் பள்ளி தனி வகுப்பு ஒன்றை நடத்துகிறது. முதலில் வகுப்பறை, பிறகு பயிற்றுநருடன் தனித்தனியே வானில் பயிற்சி, இறுதியில் ஒரு கலந்துரையாடல் என்பது அதன் அமைப்பு. உரிமம் பெற்ற பிறகு தன் மகிழ்ச்சிக்காக மட்டும் பறந்துவருபவர்களைக் குறிவைத்து நடத்தப்படும் அந்த வகுப்பை அண்மையில் முடித்தேன். சேரலாமா என்று யோசிப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், அதில் கிடைத்தவற்றையும் கிடைக்காதவற்றையும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'இன்ஜின் நின்றால் பாதுகாப்பாக இறங்குவது எப்படி' என்றுதான் வகுப்பை விளம்பரப்படுத்துகிறார்கள். அந்தப் பகுதியை அவர்கள் நன்றாகவே நடத்துகிறார்கள் என்றாலும், எந்தத் தேர்ந்த பயிற்றுநரிடமும் அதைக் கற்றுக்கொள்ள முடியும். இன்ஜின் நிற்காமல், பாதி உயிரோடு இழுத்துக்கொண்டிருக்கும்போது விமானி என்ன முடிவெடுக்க வேண்டும் என்ற பாடம் வேறு எங்கும் எளிதில் கிடைக்காதது. அந்த ஒன்றுக்காகவே இவ்வகுப்பைப் பரிந்துரைப்பேன். சக்கரம் தரையைத் தொட்ட பிறகு நடக்க வேண்டியவற்றை ஏறக்குறைய தொடாமலே விட்டுவிடுவது இதன் பெரிய குறை.

வகுப்பறைப் பகுதி எரிபொருளில் தொடங்குகிறது. இன்ஜின் நிற்பது என்றதும் உடைந்த கிராங்க் ஷாஃப்டையும் தெறித்த வால்வையும்தான் மனம் நினைக்கிறது. ஆனால் நல்ல நிலையில் உள்ள இன்ஜின்கள் பெட்ரோல் கிடைக்காமல் நின்றுபோவது அவ்வளவு அரிதான செய்தி அல்ல. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் வெளியிட்ட கணக்கின்படி, 2011 முதல் 2015 வரையிலான ஆண்டுகளில் எரிபொருளைச் சரியாகக் கையாளாததால் மட்டும் அந்நாட்டில் ஆண்டுக்குச் சராசரியாக 50-க்கும் மேற்பட்ட விபத்துகள் நடந்துள்ளன. அவற்றில் 95 விழுக்காட்டில் மனிதத் தவறுக்குப் பங்கு இருந்தது. எரிபொருள் அமைப்பின் கோளாறு காரணமாகக் குறிப்பிடப்பட்டது 5 விழுக்காட்டுக்கும் குறைவானவற்றில்தான். இந்த விபத்துகளில் சிக்கிய விமானிகளில் 48 விழுக்காட்டினர் வணிக உரிமமோ அதற்கும் மேலான உரிமமோ வைத்திருந்தவர்கள் என்பதைப் பயிற்றுநர் சொன்னபோது, தங்கள் பறப்பு மணிக்கணக்கைப் பற்றி அதுவரை பேசிக்கொண்டிருந்த இருவர் சற்று அமைதியானார்கள்.

தொட்டிகள் முழுவதும் காலியாகி இன்ஜின் நிற்பது ஒருவகை. ஒரு தொட்டியில் பெட்ரோல் இருந்தும் அது இன்ஜினுக்குப் போய்ச் சேராமல் நிற்பது இன்னொரு வகை, கேட்பவருக்கு அதிக வேதனை தருவதும் அதுதான். செஸ்னா 172-இல் இரண்டு இறக்கைத் தொட்டிகளிலிருந்தும் ஒரே நேரத்தில் எடுக்கும் நிலை, தொட்டியைத் தேர்ந்தெடுக்கும் ஃபியூயல் செலக்டரில் உண்டு. இறக்கை மேலே இருப்பதால் பெட்ரோல் தானாகவே கீழிறங்கும். பைப்பர் பிஏ-28 வகையில் அந்த நிலை கிடையாது. இடது அல்லது வலது என்று விமானியே நேரம் பார்த்து மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு வகையில் பழகிய கை மற்றொரு வகைக்கு மாறும்போது இந்த வேறுபாடு எப்படி ஆபத்தாகிறது என்பதை அவர் படம் போட்டு விளக்கியது நன்றாக இருந்தது.

எனக்குப் பிடித்த இடம் குடுவைகளை வைத்துச் செய்து காட்டியது. பறப்பதற்கு முன் தொட்டியின் அடியிலிருந்து சிறிது பெட்ரோலை ஒரு கண்ணாடிக் குடுவையில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்பது எல்லோரும் அறிந்ததே. நீர் பெட்ரோலைவிடக் கனமானது என்பதால் அடியில் தங்கும். பயிற்றுநர் மேசைமேல் இரண்டு குடுவைகளை வைத்தார். முதலாவதில் 100எல்எல் எனும் விமானப் பெட்ரோலின் வெளிர் நீலமும், அடியில் உருண்டு நகரும் ஒரு நீர்த்துளியும் தெளிவாகத் தெரிந்தன. இரண்டாவதில் எந்தக் கோடும் இல்லை, துளியும் இல்லை, தூசியும் இல்லை. அது சுத்தமாக இருப்பதாக எங்களில் ஒருவர் சொல்ல, அதை மோந்து பார்க்கச் சொன்னார். அதில் இருந்தது முழுவதும் தண்ணீர். பிரிக்கும் கோட்டைத் தேடும் கண், கோடே இல்லாதபோது நிறத்தைப் பார்க்க மறந்துவிடுகிறது. அன்று முதல் குடுவையை வெள்ளைத் தாளுக்கு எதிரே பிடித்துப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது.

அடுத்து, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரில் படியும் பனி. கார்புரேட்டர் உள்ள பழைய இன்ஜின்களில், காற்று குறுகிய தொண்டை வழியே விரைவதாலும் பெட்ரோல் ஆவியாவதாலும் உள்ளே வெப்பநிலை 20 டிகிரிக்கு மேல்கூட விழக்கூடும். அதனால் வெளியே 25 டிகிரி வெப்பமும் நிறைய ஈரப்பதமும் உள்ள இதமான நாளில்கூட உள்ளே பனி கட்டும். குறைந்த சக்தியில் இறங்கிவரும்போது அந்த ஆபத்து கூடுகிறது. இதைவிட முக்கியமான செய்தி அதைப் போக்கும் முறையில் இருக்கிறது. கார்புரேட்டர் வெப்பக் குமிழை இழுத்ததும் சூடான, அடர்த்தி குறைந்த காற்று போவதால் சுற்று எண்ணிக்கை முதலில் குறையும். பனி உருகி நீராக இன்ஜினுக்குள் போகும்போது இன்ஜின் இருமிக் குலுங்கும். நிலைமை மோசமாகிவிட்டது என்று எண்ணிக் குமிழைத் திரும்பத் தள்ளிவிடத் தூண்டும் கணம் அதுதான். தள்ளினால் பனி மீண்டும் கட்டும், இம்முறை அதை உருக்கத் தேவையான சூட்டைத் தரும் அளவுக்கு இன்ஜினில் உயிர் இருக்காது. குலுக்கலைப் பொறுத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும் என்று புத்தகங்களிலும் இருக்கிறது. அதை ஓர் ஒலிப்பதிவின் மூலம் கேட்க வைத்தது இந்த வகுப்பின் சிறப்பு. அந்தச் சத்தத்தைக் கேட்டபடி கையை அசைக்காமல் வைத்திருப்பது எவ்வளவு கடினம் என்பது அப்போதுதான் உறைக்கிறது.

வகுப்பறையின் பிற்பகல் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேசைக் கணினியில் ஓடும் சிமுலேட்டரில் ஆளுக்குக் கொஞ்ச நேரம் ஓட்டினோம். திரையில் தெரியும் வயலில் மேடும் பள்ளமும் கம்பியும் தெரிவதில்லை. உடலுக்கு எதுவும் உணரக் கிடைப்பதுமில்லை. அந்த நேரத்தை அவர்கள் வேறு எதற்காவது பயன்படுத்தியிருக்கலாம்.

வானில் முதல் பாடம் எண்களைக் கண்ணால் பார்ப்பது. நாங்கள் பறந்தது பள்ளியின் பழைய செஸ்னா 172என். அதன் கையேடு தரும் சிறந்த சறுக்கு வேகம், அதாவது இன்ஜின் இல்லாமல் அதிக தூரம் போக உதவும் வேகம், 65 நாட் (மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர்). அந்த வேகத்தில் ஒவ்வோர் 1,000 அடி உயரத்துக்கும் ஏறக்குறைய ஒன்றரைக் கடல் மைல், அதாவது சுமார் 2.7 கிலோமீட்டர் தூரம் காற்றில்லாத நிலையில் முன்னேற முடியும். 3,000 அடியில் இன்ஜின் நின்றால் தரையைத் தொட ஏறக்குறைய நான்கு நிமிடங்கள் இருக்கின்றன. காகிதத்தில் இது தாராளமாகத் தோன்றும். வேகத்தைச் சரிசெய்ய, காற்றின் திசையை நினைவுகூர, இடத்தைத் தேர்ந்தெடுக்க, ஃபியூயல் செலக்டர், மிக்ஸ்சர் (காற்று-பெட்ரோல் விகிதம்), கார்புரேட்டர் வெப்பம், மேக்னெட்டோ (தீப்பொறிக்கு மின்சாரம் தருவது), பிரைமர் (பெட்ரோலைக் கையால் செலுத்தும் பம்ப்) ஆகியவற்றை ஒருமுறை சுற்றிப் பார்த்து இன்ஜினை எழுப்ப முயல, 121.5 மெகாஹெர்ட்ஸிலோ ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் அலைவரிசையிலோ மேடே எனும் ஆபத்து அழைப்பு விடுக்க, ரேடாருக்கு அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரில் அவசரநிலைக் குறியீடான 7700 வைக்க, பயணிகளுக்குச் சொல்ல என்று வேலைகளை அடுக்கினால் அந்த நான்கு நிமிடங்கள் எங்கே போயின என்று தெரியாது. எனவே வரிசைதான் முக்கியம் என்றார் பயிற்றுநர். முதலில் வேகம், பிறகு வயல், மற்றவை நேரம் மிஞ்சினால் மட்டுமே. ரேடியோவில் பேசிக்கொண்டே மூக்கை மேலே தூக்கி வேகத்தை இழந்த ஒருவரைக் காப்பாற்ற அந்த அழைப்பைக் கேட்டவர் எவராலும் முடியாது.

சறுக்கு தூரத்தை 'நீட்ட' முயலும் கையின் இயல்பையும் இங்கே நேரடியாகக் காட்டினார்கள். வயல் எட்டாது என்று தோன்றியதும் யாரும் சொல்லாமலே கை மூக்கை மேலே இழுக்கிறது. 65 நாட் 55 ஆனதும் விமானம் தட்டையாகப் பறப்பதுபோன்ற தோற்றம் தரும், ஆனால் கீழிறங்கும் பாதை செங்குத்தாகிக்கொண்டே போகும். இந்த விமானத்தின் வேகம் 65 என்றால், பைப்பர் ஆர்ச்சரின் கையேடு 76 நாட் என்கிறது. இவை முழு எடைக்கான எண்கள் என்பதையும், எடை குறையும்போது வேகமும் குறைய வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இந்தப் பகுதியில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பயிற்சியில் இன்ஜினை அணைப்பதில்லை, த்ராட்டிலை மூடி ஐடிலில், அதாவது மிகக் குறைந்த சுற்றில், ஓட வைக்கிறார்கள். அது சரியான முடிவுதான். பயிற்சிக்காக உண்மையாகவே இன்ஜினை நிறுத்தி, பாவனை நிஜமாகிப்போன கதைகள் விமானத்துறையில் உண்டு. ஆனால் ஐடிலில் ஓடும் இன்ஜினின் புரொப்பல்லரும், செத்த இன்ஜினைக் காற்று சுழற்றும்போது சுற்றும் புரொப்பல்லரும் ஒன்றல்ல. இரண்டாவது வகைப் புரொப்பல்லர் விமானத்தைக் கூடுதலாகப் பின்னுக்கு இழுக்கும். அதாவது பயிற்சியில் எட்டிய வயல் நிஜத்தில் எட்டாமல் போகலாம். இதைப் பயிற்றுநர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுக் கடந்துபோனார். எட்டக்கூடிய தூரத்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு மிச்சத்துக்குள் வயலைத் தேடுங்கள் என்று வெளிப்படையாகப் பயிற்றுவித்திருக்க வேண்டும்.

வயல் தேர்வு பற்றிய பறப்பு மிகச் செழுமையானது. 3,000 அடியிலிருந்து பார்க்கும்போது கீழே உள்ள பச்சைச் சதுரங்கள் எல்லாமே நல்ல ஓடுபாதைகள்தான். 1,500 அடியில் அவற்றில் பாதி சரிவாக இருப்பது தெரிகிறது. 700 அடிக்கு வரும்போது, வழுவழுப்பாகத் தெரிந்த நிலம் ஆளுயரப் பயிராக மாறுகிறது. மின்கம்பியை எந்த உயரத்திலிருந்தும் கண்ணால் பிடிக்க முடியாது, கம்பத்தைத்தான் தேட வேண்டும் என்றார் பயிற்றுநர். சாலையோரமாக இரண்டு கம்பங்களைக் கண்டால் அவற்றுக்கு நடுவே கம்பி இருக்கிறது என்றும், தனித்து நிற்கும் வீட்டுக்கு எங்கிருந்தோ ஒரு கம்பி வந்துதான் ஆக வேண்டும் என்றும் கொள்ள வேண்டும். உழுத நிலமாக இருந்தால் சாலுக்குக் குறுக்கே இறங்காமல் சாலின் திசையிலேயே இறங்க வேண்டும், காற்று சற்றுக் குறுக்காக அடித்தாலும் பரவாயில்லை. காற்றின் திசையைப் புகை, நீர்நிலையின் பரப்பு, நம் விமானமே நகர்ந்து போகும் போக்கு ஆகியவற்றிலிருந்து படிக்கலாம். ஆனால் புறப்படும்போது அறிந்த காற்றை மனத்தில் வைத்திருப்பவருக்கு இந்தத் துப்பறியும் வேலை பெரும்பாலும் தேவைப்படாது.

காற்றுக்கு எதிராக இறங்குவது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குக் கணக்கும் கொடுத்தார்கள். 50 நாட் காற்றுவேகத்தில் தரை தொடும் விமானம், 10 நாட் எதிர்க்காற்றில் 40 நாட் தரைவேகத்தில் தொடும், அதே காற்று பின்னாலிருந்து அடித்தால் 60-இல் தொடும். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் இரண்டாவது நிலையில் கரைக்க வேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்கு. எதிலாவது மோதித்தான் நிற்க வேண்டும் என்றாலும் இதே கணக்குத்தான் செல்லும். மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 9 ஜி (புவியீர்ப்பைப் போல் ஒன்பது மடங்கு) அளவு சீரான வேகக் குறைப்பில் நிற்க ஏறக்குறைய 2.8 மீட்டர் போதும், 160 கிலோமீட்டரிலிருந்து என்றால் 11 மீட்டருக்கு மேல் வேண்டும். இருக்கைப் பட்டையணிந்த உடல் அந்த அளவைத் தாங்கும் என்பதே இக்கணக்கின் பொருள். வயலின் மறுமுனை வேலியில் மெதுவாக மோதி இறக்கையை இழப்பவர் நடந்து வெளியே வருவார், இம்முனை மரங்களில் வேகமாக மோதுபவருக்கு அந்த வாய்ப்பு குறைவு. இன்ஜின் நின்ற கணத்திலிருந்து விமானம் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொந்தம் என்று விமானிகளிடையே புழங்கும் பேச்சைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டு, சொந்தமாக விமானம் வைத்திருப்போர் பக்கம் திரும்பி, உங்களுக்குத்தான் இது கடினம் என்றார் பயிற்றுநர். பல ஆண்டுகள் துடைத்துப் பாதுகாத்த விமானத்தைக் கீறல்கூட இல்லாமல் இறக்க வேண்டும் என்ற ஆசைதான் எட்டாத ஓடுபாதையை நோக்கி ஒருவரை இழுக்கிறது.

இனி இந்த வகுப்பின் உயிர்ப்பான பகுதிக்கு வருகிறேன். ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2000 முதல் 2010 வரை அந்நாட்டில் பதிவான நிகழ்வுகளை ஆராய்ந்தது. ஒற்றை இன்ஜின் விமானங்களில் புறப்பட்டவுடன் இன்ஜின் முழுவதும் நின்ற நிகழ்வுகள் 75. இன்ஜின் நிற்காமல் சக்தியை ஓரளவு மட்டும் இழந்த நிகழ்வுகள் 242, அதாவது மூன்று மடங்குக்கும் அதிகம். உயிரிழப்பில் முடிந்தவை ஒன்பது. அந்த ஒன்பதும் இரண்டாவது வகையில்தான் இருந்தன. கொஞ்சம் ஓடும் இன்ஜின், ஓடாத இன்ஜினைவிட ஆபத்தானது என்பது முதல் பார்வையில் நம்ப முடியாததாகவே இருக்கும்.

ஏன் என்று விளக்குவதற்குப் பதில் பயிற்றுநர் அனுபவிக்க வைத்தார். ஓடுபாதையிலிருந்து எழும்பி ஏறிக்கொண்டிருந்தபோது, ஏறக்குறைய 600 அடியில் அவர் த்ராட்டிலைப் பின்னுக்கு இழுத்தார். வழக்கம்போல முழுவதும் மூடாமல் நிமிடத்துக்கு 1,900 சுற்றுகளில் நிறுத்தினார். விமானம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. உயரமானியின் முள் நின்ற இடத்திலேயே நின்றது. முன்னால் எதிரே நீண்ட புல்வெளி ஒன்று இருந்தது. இன்ஜின் முழுவதும் நின்றிருந்தால் கேள்வியே இல்லாமல் அங்கே போயிருப்பேன். ஆனால் இன்ஜின் ஓடுகிறது, உயரம் குறையவில்லை, ஓடுபாதை பின்னால் இருக்கிறது. ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடலாமே என்று தோன்றியது. மெதுவாக இடப்பக்கம் திரும்பத் தொடங்கி, புல்வெளி இறக்கைக்குக் கீழே மறைந்த பிறகு, அவர் கை மீண்டும் த்ராட்டிலுக்குப் போனது. 1,600 சுற்றுகள். இப்போது கீழே வீடுகள், பின்னால் புல்வெளி, ஓடுபாதை இன்னும் தொலைவில். "இப்போது எங்கே இறங்கப்போகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் முழுச் சக்தியைத் திருப்பிக் கொடுத்தார்.

முழுமையான செயலிழப்பு விமானிக்கு முடிவை எடுத்துக் கொடுத்துவிடுகிறது. அரைகுறைச் செயலிழப்பு முடிவைத் தள்ளிப்போட அனுமதி கொடுக்கிறது. எவ்வளவு நேரத்துக்கு என்பதை மட்டும் சொல்வதில்லை. இதற்கு அவர்கள் தரும் முறை எளிமையானது. மூக்கைத் தாழ்த்திச் சறுக்கு வேகத்துக்குக் குறையாமல் வைத்துக்கொள்ள வேண்டும். அப்போதும் உயரம் நிலைத்தால், மென்மையான திருப்பங்களுடன், எந்தக் கணத்தில் இன்ஜின் நின்றாலும் எட்டக்கூடிய ஓர் இடத்திலிருந்து அதுபோன்ற மற்றோர் இடத்துக்கு மட்டுமே நகர வேண்டும். அப்படி ஓர் இடம் இல்லாத பக்கம் திரும்பக் கூடாது. இறங்கும் இடம் உறுதியானதும் மீதி இருக்கும் சக்தியை விமானியே மூடிவிட வேண்டும், ஏனெனில் தரையை நெருங்கும்போது திடீரென இன்ஜின் உயிர் பெற்று உறுமினால் கணக்கு அத்தனையும் கலைந்துவிடும். ஓடும் இன்ஜினைத் தன் கையால் மூடுவதற்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும் என்பதைச் செய்து பார்த்தவர்தான் அறிவார். அதைச் செய்ய வைத்ததற்காக இந்தப் பயிற்றுநருக்கு நன்றி சொல்கிறேன்.

புறப்பட்ட ஓடுபாதைக்கே திரும்புவது பற்றிய பாடமும் இதே தரத்தில் இருந்தது. பாதுகாப்பான உயரத்தில், 3,000 அடியைத் தரை என்று வைத்துக்கொண்டு, ஏறும் நிலையிலிருந்து த்ராட்டிலை மூடி, திகைப்புக்காகச் சில நொடிகளை விட்டு, 45 டிகிரி சாய்வில் திரும்பிப் பார்த்தோம். 180 டிகிரி திரும்பினால் போதாது. ஓடுபாதைக்கு இணையாக, அதிலிருந்து விலகித்தான் இருப்போம். மேலும் திரும்பி ஓடுபாதைக் கோட்டைப் பிடித்து, பிறகு எதிர்ப்பக்கம் திருப்பி நேராக்க வேண்டும். என் கையில் அதற்குள் 600 அடிக்கு மேல் போய்விட்டது. 45 டிகிரி சாய்வில் உயரத்தைத் தக்கவைக்க முயன்றால் ஸ்டால் வேகம் (அதற்குக் கீழே இறக்கை தூக்குவிசையை இழக்கும் வேகம்) 19 விழுக்காடு கூடும், 60 டிகிரியில் 41 விழுக்காடு. தரை நெருங்கும் பதற்றத்தில் சாய்வையும் கூட்டி மூக்கையும் இழுப்பவர், விமானம் சுழன்றபடி விழும் ஸ்பின்னுக்குள் போகிறார், அதிலிருந்து மீள அந்த உயரத்தில் இடம் இல்லை.

'எத்தனை அடிக்கு மேல் திரும்பலாம்?' என்று எல்லோரும் கேட்பதுபோல் நாங்களும் கேட்டோம். அவர் எண் எதையும் தரவில்லை, ஒரு கணக்கைப் போடச் சொன்னார். முழு எடையில், வெப்பமான நாளில், இந்த விமானம் 73 நாட் வேகத்தில் நிமிடத்துக்கு 650 அடி ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், 1,000 அடி ஏறுவதற்குள் அது 11,000 அடிக்கும் அதிகமான தூரம் முன்னே போய்விடுகிறது. அதே 1,000 அடியைச் செலவிட்டுத் திரும்பி வரக்கூடிய தூரமோ ஏறக்குறைய 9,000 அடி, அதிலும் திருப்பத்தில் இழக்கும் உயரத்தைக் கழிக்க வேண்டும். நேராக ஏறிக்கொண்டே போனால் உயரம் கூடக்கூட நிலைமை மோசமாகிறதே தவிர நன்றாவதில்லை. நீண்ட ஓடுபாதையும் நல்ல எதிர்க்காற்றும் இருந்தால் கணக்கு மாறும். குறுகிய ஓடுபாதையில், காற்றில்லாத நாளில், எந்த உயரமும் போதாது என்ற விடையும் வரலாம். தன் விமானத்துக்கும் அன்றைய நாளுக்கும் இந்தக் கணக்கைப் போடாத ஒருவருக்கு நேர் முன்னால், இருபுறமும் சுமார் 30 டிகிரிக்குள் கிடைக்கும் இடமே இடம். இதைப் புறப்படுவதற்கு முன் ஓடுபாதையின் தொடக்கத்தில் நின்றபடி வாய்விட்டுச் சொல்லும் பழக்கத்தை வற்புறுத்துகிறார்கள். தனியாகப் பறக்கும்போதும் சொல்ல வேண்டுமாம். கேட்க ஆளில்லாமல் பேசுவது முதலில் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இனி, வகுப்பு தவறவிட்டவை. 2015 மார்ச் 5 அன்று நடிகர் ஹாரிசன் ஃபோர்டு, சாண்டா மோனிக்காவிலிருந்து தன் பழைய ரயன் விமானத்தில் புறப்பட்டவுடன் இன்ஜின் சக்தியை இழந்து, அருகிலிருந்த கோல்ஃப் மைதானத்தில் இறங்கினார். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் முதன்மை ஜெட் கழன்றதே காரணம் என்று கண்டறிந்த புலனாய்வாளர்கள், தோளைப் பிடித்திருக்கும் இருக்கைப் பட்டை சரியாகப் பொருத்தப்படாததும் அவருடைய காயங்களின் கடுமைக்குப் பங்களித்தது என்றும் குறிப்பிட்டனர். இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் காட்டிய நிதானத்துக்கு எடுத்துக்காட்டாக இந்த நிகழ்வை வகுப்பில் விரிவாகப் பேசினார்கள், அந்தப் பட்டையைப் பற்றி ஒரு சொல் இல்லை. பயிற்சி விமானத்தின் பின்னிருக்கைகளில் என்ன பட்டை இருக்கிறது, அதை யாராவது இழுத்துப் பார்த்தார்களா என்பதும் பேசப்படவில்லை.

இறங்குவதற்கு முன் கதவின் தாழ்ப்பாளைத் திறந்து வைக்க வேண்டும், சட்டகம் நெளிந்தால் பிறகு திறக்காது என்பதைச் சொன்னார்கள். செஸ்னாவில் ஃபிளாப் (மெதுவாக இறங்க உதவும் இறக்கையின் பின்விளிம்புத் தட்டு) மின்சாரத்தில் இயங்குவதால் கடைசி ஃபிளாப்பை இறக்கிய பிறகே மின்சாரத்தைத் துண்டிக்கும் மாஸ்டர் சுவிட்சை அணைக்க வேண்டும் என்பதையும் சொன்னார்கள். கைநெம்புகோல் உள்ள பைப்பரில் இந்தக் கவலை இல்லை. ஆனால் அதற்குப் பிறகு பாடம் நின்றுவிடுகிறது. விமானம் விழுந்த இடத்தைச் சமிக்ஞையால் அறிவிக்கும் அவசர இருப்பிடக் கருவி மோதலின்போது தானாக இயங்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. மெதுவான, நல்ல இறக்கத்தில் அது தூண்டப்படாமலே போகலாம். கையால் இயக்கும் சுவிட்ச் பலகையில் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். 2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் 121.5 மெகாஹெர்ட்ஸ் அவசர சமிக்ஞைகளைக் கவனிப்பதை நிறுத்திவிட்டன, இப்போது கேட்பது 406 மெகாஹெர்ட்ஸை மட்டுமே. பழைய கருவியோடு பறப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள் என்பதால் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தால் பெரும் பயனாக இருந்திருக்கும். நீரில் இறங்குவதும், மரங்களின்மேல் இறங்குவதும் பெயரளவில்கூட வரவில்லை.

கருவிகளைப் பற்றியும் அவர்கள் பேசவில்லை, அதைக் குறையாக நான் எண்ணவில்லை. டேப்லெட் வரைபடத்தில் சறுக்கு எல்லையை வளையமாகக் காட்டும் வசதி இன்று சாதாரணம். 2021-இல் கார்மின் வெளியிட்ட ஸ்மார்ட் கிளைடு, எட்டக்கூடிய விமானநிலையத்தைத் தானே தேர்ந்து வழிகாட்டுகிறது. சிரஸ் விமானங்களில் முழு விமானத்தையும் தாங்கி இறக்கும் பாராசூட்டே இருக்கிறது. இவற்றில் எதுவும் 600 அடியில் 1,900 சுற்றுகளோடு தடுமாறும் செஸ்னாவுக்கு உதவப்போவதில்லை.

மாணவர்களுக்கு இந்த வகுப்பு தேவையில்லை, அவர்களுக்குப் பாடத்திட்டத்திலேயே போதுமான பயிற்சி இருக்கிறது. உரிமம் பெற்று நாளாகி, ஒரே விமானநிலையத்திலிருந்து ஒரே வகை விமானத்தில் பறந்து பழகியவர்களுக்கு மிகவும் ஏற்றது. சொந்த விமானம் வைத்திருப்போர் அதையே கொண்டுவரப் பள்ளி அனுமதிக்கிறது, கொண்டுவருவதே நல்லது. குறிப்பாக, இதழ்க் கோணத்தை மாற்றக்கூடிய புரொப்பல்லர் உள்ள விமானமாக இருந்தால், எண்ணெய் அழுத்தம் இருக்கும்வரை அந்த நெம்புகோலை முழுவதும் பின்னுக்கு இழுத்தால் சறுக்கு தூரம் எவ்வளவு கூடுகிறது என்பதைத் தன் விமானத்திலேயே அளந்துகொள்ளலாம். பள்ளியின் செஸ்னாவில் அதற்கு வழியில்லை. பதிவு செய்யும்போதே, அரைகுறைச் சக்தி இழப்புக்கான பறப்பு உங்கள் அட்டவணையில் இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வானிலை காரணமாகப் பறப்பு நேரம் சுருங்கினால் அவர்கள் முதலில் வெட்டுவது அதைத்தான், எங்கள் குழுவில் ஒருவருக்கு அப்படித்தான் விடுபட்டது. சிமுலேட்டர் நேரத்தை விட்டுக்கொடுத்து அதற்குப் பதிலாக இதைக் கேட்டால் மறுக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.